பூவரசுக்கு மனிதர் செய்த தீங்குகள்

மரங்களுக்காக மனிதகுலம் இதுவரை ஆற்றிய தொண்டுகளை எல்லாம் தராசின் ஒரு தட்டிலும், மன்னார் நகரின் 'வீதி மரங்களை மனிதரிடமிருந்து பாதுகாக்கும் குழு' நடத்திய பதினான்கு கூட்டங்களை மறு தட்டிலும் வைத்தால், கூட்டங்கள் இருக்கும் தட்டே தாழும். சந்தேகம் உள்ளவர்கள் கூட்டக் குறிப்பேட்டைத் தூக்கிப் பார்க்கலாம். மாதாமாதம் அதைத் தூக்கிச் சுமந்தவன் குழுவின் செயலாளர் பவ்ஸான்.

குழு பிறந்தபோது காப்பாற்றுவதற்கு ஒரே ஒரு மரம்தான் இருந்தது. நாலு வருடத்துக்கு முன் ஒரு சுற்றாடல் தினத்தில் பஸ் நிலைய வீதியில் பன்னிரண்டு கன்றுகள் நட்டார்கள். பிரமுகர்கள் தண்ணீர் ஊற்றிப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். மாலையில் நகரின் வீதிகளில் திரியும் கழுதைகள் வந்தன. பதினொன்றும் போய்ப் பன்னிரண்டாவதான பூவரசு மட்டும் பிழைத்தது. அதற்குக் காரணம், பக்கத்தில் பிளேன்ரீ என்ற பால் கலக்காத தேநீரும் இறால் வடையும் விற்ற பிரான்சிஸ்கா. அரிப்பு என்ற மீனவக் கிராமத்திலிருந்து பழைய வலைத்துண்டு ஒன்றைக் கொண்டுவந்து, இந்தத் தீவில் எல்லோரும் கன்றுகளுக்குச் செய்வதுபோல, சுற்றிக் கட்டிவிட்டாள். கோப்பை கழுவிய தண்ணீரை அடியில் ஊற்றினாள். கழுதை தலையை நீட்டினால் சட்டி மூடியில் கரண்டியால் அடித்தாள். மரம் வளர்ந்தபின், பஸ்ஸுக்கு நின்ற இருபது பேருக்கு அந்த வீதியில் இருந்த ஒரே நிழல் அதுதான்.

பவ்ஸானுக்கு இதெல்லாம் நன்றாகத் தெரியும். தினமும் பத்து மணிக்கு அந்த நிழலில் நின்றுதான் அவன் பிளேன்ரீ குடிப்பான்.

ஒன்பதாவது கூட்டத்தில் தலைவர் பாலசிங்கம் 'கள ஆய்வு' அறிக்கையைச் சமர்ப்பித்தார். வெளியே வெயில் கடுமை என்பதால், வாகனக் கண்ணாடியை இறக்காமலே நடத்தப்பட்ட ஆய்வு அது.

"மரத்துக்கு மனிசர் செய்யிற தீங்கு நாலு," என்றார். "ஒண்டு, மரத்தை வலையால கட்டி வச்சிருக்கு. ரெண்டு, கழிவுநீர் ஊத்தப்படுது. மூண்டு, சட்டிச் சத்தம். நாலு, நிழல்."

"நிழலோ, சேர்?"

"ஓம். மரத்தைக் கேளாமல் பாவிக்கினம். எழுதும்."

பவ்ஸான் பேனையை மூடினான். "வலையைக் கழட்டினால் கழுதை விடாது, சேர்."

"கழுதை மனிசரோ?"

"இல்லை, சேர்."

"எங்கட குழுவின்ர பேரைச் சொல்லும் பாப்பம்."

பவ்ஸான் சொன்னான். முழுப்பெயரையும் சொல்லி முடித்தும் அதில் கழுதை வரவில்லை. பேனையைத் திறந்து எழுதினான்.

கடையையும் வலையையும் அகற்றச் சொல்லிக் குழு பிரான்சிஸ்காவுக்கு எழுதிய கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கும் பாக்கியமும் அவனுக்கே வாய்த்தது.

"நான் வேற எங்கயாவது கடை போடுவன், தம்பி," என்றாள் பிரான்சிஸ்கா. "மரத்தை ஆர் பாக்கிறது?"

"குழு பாக்கும், அக்கா."

"குழுவில ஆர்?"

"எல்லாரும்தான்."

"அப்ப ஒருத்தரும் இல்லை. அந்த வலையை எண்டாலும் விடச் சொல்லுங்கோ."

"அதுதான் முதலாவது தீங்கு எண்டு எழுதிக் கிடக்கு, அக்கா."

எழுதியவன் தான்தான் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. வெட்கமாக இருந்தது. அன்று அவள் கொடுத்த பிளேன்ரீயை முழுதாகக் குடிக்க முடியவில்லை.

'வலை நீக்கல் வைபவம்' சிறப்பாக நடந்தது. தலைவர் கத்தரிக்கோலால் வலையை வெட்டினார். எல்லோரும் கை தட்டினார்கள். மரத்தைச் சுற்றிச் சங்கிலி போட்டார்கள். 'மனிதர் நெருங்கக் கூடாது' என்று பலகையும் வைத்தார்கள். மரத்தில் ஆணி அடிப்பதைக் குழு ஒருபோதும் அனுமதியாது. ஆகவே பலகைக்கென்று தனியாக ஓர் இரும்புக் கம்பத்தை, வேரை வெட்டி வழி எடுத்து, கொங்கிறீட் போட்டு இறக்கினார்கள்.

மரத்துக்கு ஊற்றத் தண்ணீர் பவுசர் வண்டி வந்தது. சாரதி பலகையை வாசித்தார். தாமும் மனிதரே என்பதை உணர்ந்து, பவுசரைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். சட்டத்தை மதிக்கும் இப்படியான சாரதிகள் இருக்கும்வரை நாட்டுக்கு ஒரு குறையும் வராது. கழுதைகள் பலகையை வாசிக்கவில்லை. வாசித்திருந்தாலும் அவற்றுக்கு அதில் ஒரு தடையும் இல்லை.

பவ்ஸான் பத்து மணிக்கு வழக்கம்போலப் போனான். மூன்று கழுதைகள் நின்று பட்டையை உரித்துத் தின்றுகொண்டிருந்தன. உள்ளே போனால் ஐந்தாவது தீங்காகிவிடும் என்பதால் சங்கிலிக்கு வெளியே நின்று, "சூ, சூ" என்றான். ஒரு கழுதை திரும்பிப் பார்த்துவிட்டுத் தின்றது. மூன்றாம் கிழமை பட்டை சுற்றிவரப் போய்விட்டது. இரண்டு மாதத்தில் பூவரசு கட்டையாக நின்றது.

பதினான்காவது கூட்டம் 'நிறைவு அறிக்கை'யை ஏகமனதாக ஏற்றுக்கொண்டது. 'குழுவின் அயராத முயற்சியால் மேற்படி மரத்துக்கு மனிதரால் நேர்ந்த தீங்குகள் நான்கும் முற்றாக ஒழிக்கப்பட்டன' என்பதே அதன் சாரம். ஏழு உறுப்பினர்களும் ஒப்பமிட்டார்கள். பொதுமக்களில் ஒருவரின் சாட்சிக் கையெழுத்து மட்டும் பாக்கி. அதற்கும் பவ்ஸானையே அனுப்பினார்கள்.

பிரான்சிஸ்கா இப்போது சந்தை மதிலோரம், கிழிந்த குடை ஒன்றின் கீழ் அடுப்பு வைத்திருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு அறிக்கையை வாங்கினாள். வாசிக்காமலே ஒப்பத்தை வைத்துவிடுவாள் என்றுதான் அவன் நினைத்தான். அவள் ஒவ்வொரு வரியாக வாசித்தாள்.

"மரம் செத்ததைப் பற்றி ஒண்டும் இல்லையே?"

"அது மனிசத் தீங்கில வராது, அக்கா."

"இதில 'தீங்கு இழைத்தோர் பெயர்' எண்டு கேட்டுக் கிடக்கு. ஏன் வெறுமையா விட்டிருக்கு?"

"அப்பிடி ஒருத்தரும் இல்லையே, அக்கா."

பிரான்சிஸ்கா தாளின் அடியில் இருந்த ஒப்பங்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக்கொண்டு வந்தாள். ஏழாவதில் விரல் நின்றது. அது பவ்ஸானுடையது.

"பேர் எல்லாம் இருக்கு, தம்பி. இடம் மாறிக் கீழ வச்சிட்டியள்," என்றாள். "பேனையைத் தாங்கோ. சாட்சிக்கு நான் வைக்கிறன்."