ஒரே ஒரு தட்டு

ஜூன் 9, திங்கட்கிழமை. வழக்கம்போல் விடியுமுன் எழுந்து, சவரம், குளியல், இட்லி எல்லாம் முடித்து, கோலார் தங்கவயலின் ஊரிகம் ஸ்டேஷனில் ரயில் ஏறினேன். அன்று பெங்களூரில் எங்கள் கம்பெனிப் புதியவர்களுக்கு 'அலுவலக ரகசியம் காப்பது எப்படி' என்று நான் வகுப்பெடுக்க வேண்டும். (பணியாளர் பிரிவுக்கு நான்தான் மேலாளர். வாயைத் திறக்காதவன் என்று பெயர்.)

எதிரே, பக்கத்து லைன் வீட்டுத் தயாளன்.

"அண்ணா, ஏஜென்சி மூலமா உங்க கம்பெனி குடோன்ல வேலை கெடச்சிருச்சு! ஏழரைக்கு ராகுகாலம். அதுக்குள்ள பழைய எடத்துக்கு ராஜினாமா அனுப்பிடறேன்" என்று போனைக் காட்டினான்.

 அந்தக் குடோனை அடுத்த மாதம் மூடப்போகிறார்கள். வெள்ளிக்கிழமைதான் முதலாளி என்னிடம் சொன்னார். ஆளெடுப்பையாவது நிறுத்தலாமே என்றேன். "நிறுத்தினா சந்தேகம் வரும். வெளிய தெரிஞ்சா உங்க வேலையும் போயிடும்" என்றார்.

"தயாளா, எங்க கேன்டீன் சாம்பார் சரியில்ல."

"நான் டப்பா கட்டினு வரேன்."

"குடோன்ல ஒரே வெக்கை."

"இன்னாண்ணா, நான் முன்னேறினா உங்களுக்கு வயித்தெரிச்சலா?"

பெட்டியே சிரித்தது. ஏழரை நெருங்கியது. அவன் கட்டைவிரல் இறங்கியது.

எங்கள் அப்பாக்கள் தங்கச் சுரங்கத்தில் கேஜில், அதாவது லிஃப்ட் கூண்டில், ஏறி இறங்கியவர்கள். ஓடும் கேஜுக்கு ஒரு மணி அடித்தால் நிறுத்து. மூன்று அடித்தால் ஆள் ஏறுகிறான். சுரங்க லைன் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதுதான் விளையாட்டு. பேசத்தானே கூடாது? டிபன் டப்பாவால் ஜன்னல் கம்பியில் ஒரே ஒரு தட்டுத் தட்டினேன்.

விரல் நின்றது. தயாளன் என்னைப் பார்த்தான். நான் வெளியே பார்த்தேன். போன் சட்டைப்பைக்குள் போனது.

என் சாமர்த்தியத்தை மெச்சி முடிப்பதற்குள் பின்சீட்டில் ஒரு குரல்: "குடோனுக்கு ஒத்த மணி அடிக்கிறாருப்பா! மூடப்போறாங்களா?"

பெட்டி முழுக்கச் சுரங்கத்துக்காரர்களின் பிள்ளைகள். அதில் நாலு பேர் எங்கள் குடோன்காரர்கள். (இதை யோசிக்க எனக்கு மூளை இல்லை.)

ரயில் பெங்களூர் சேருமுன் செய்தி சேர்ந்துவிட்டது.

"யார் சொன்னது?" என்றார் முதலாளி.

"நான் ஒரு வார்த்தைகூடப் பேசல சார்" என்றேன். உண்மைதான். ஆனால் சொல்லும்போதே பொய் மாதிரி நாறியது. "தட்டினேன்" என்றும் சொன்னேன்.

 பிறகு குடோன் ஆட்களைக் கூப்பிட்டு, அவரே விஷயத்தைச் சொன்னார். என் வேலை தப்பியது, வகுப்பு போயிற்று.

இன்றும் கல்யாண வீட்டில் நான் பேச ஆரம்பித்தால் என் மனைவி தம்ளரை ஒரு தட்டுத் தட்டுவாள்.

வகுப்பு போன மறுநாள் காலை முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் பெட்டியில் கால் வைத்தேன். முதல் காரியமாகத் தயாளன் டப்பாவை எடுத்தான். மற்றவர்களும் எடுத்தார்கள்.

மூன்று தட்டு.