தனிமை ஒழிப்புக் குழுவின் பெண் உறுப்பினர்

எங்கள் ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரியில் இனி யாரும் தனியாகச் சாகக்கூடாது என்று மேலிடம் திருவாய் மலர்ந்தது. தொற்றுநோய்க் காலம். உறவினர்களை உள்ளே விடுவதில்லை. உள்ளே இருப்பவர்கள் ஏன் தனியாக இருக்கிறார்கள் என்பது யாருக்கும் விளங்காததால், 'தனிமை ஒழிப்புக் குழு' ஒன்று அமைக்கப்பட்டது. அதன் எழுத்தர் அடியேன்.

குழுவுக்கு மட்டும் உள்ளே போக அனுமதி உண்டு. அடையாள அட்டையைப் பார்த்தால் கிருமி ஒதுங்கி வழிவிடும் என்பது அன்றைய விஞ்ஞானம்.

தலைவர், இரண்டு உறுப்பினர்கள், நான் எல்லோரும் தலை முதல் கால் வரை பிளாஸ்டிக் உடை மாட்டி, முதல் வேலையாகப் படம் எடுத்துக்கொண்டோம். அந்த உடையில் படம் போடாதவரை அப்போது ஊரில் யாரும் மனிதராகவே மதிக்கவில்லை. அப்புறம்தான் வார்டுக்குள் நுழைந்தோம்.

முதல் படுக்கையில் ஒரு தையல்காரர். நுரையீரல் அநேகமாகக் கைவிரித்துவிட்டது.

"ஐயா, உங்களுக்குத் தனிமையா இருக்கா?" என்று தலைவர் உரக்கக் கேட்டார்.

"ஆமாங்க. என் வீட்டுக்காரி கேட்டுலதான் நிக்கிறா. கொஞ்சம் கூப்பிடுங்க."

"அது குழுவோட வரம்புல வராதுங்க. வேற ஏதாச்சும்?"

"இந்த மூச்சு மிஷின் எனக்கு வேணாம். போட்டாலும் தேறமாட்டேன்னு டாக்டரே சொல்லிட்டாரு. பக்கத்துப் படுக்கைப் பொண்ணுக்குக் குடுங்க. எனக்கு வலி தெரியாம இருக்க மருந்து போதும்."

மிச்சமிருந்தது ஒரே மிஷின். வரிசைப்படி அது தையல்காரருடையது. வேண்டாமென்றால் உறவினர் நேரில் வந்து சொல்ல வேண்டும் என்பது விதி. உறவினர் நேரில் வரக்கூடாது என்பதும் விதி.

"ஆக, மிஷின் உங்களுக்குத்தான். வாழ்த்துகள்!" என்றார் தலைவர்.

"சாகப்போறது நான்தானேங்க?"

"அதனாலதான் உங்க பேச்சை எடுத்துக்க முடியாது. நீங்க சம்பந்தப்பட்டவர்."

அங்கே நின்ற நர்சம்மா தொண்டையைச் செருமினார். "சார், குழுவுல ஒரு பெண் உறுப்பினர் கட்டாயம்னு உத்தரவுல இருக்கே?"

தலைவருக்கு வியர்த்துவிட்டது. பெண் உறுப்பினர் இல்லையென்றால் குழு செல்லாது. எடுத்த படமும் செல்லாது.

"கேட்டுல ஒரு அம்மா சும்மாதான் நிக்கிறாங்க" என்றார் நர்சம்மா.

"அனுபவம்?"

"இந்த வார்டு நோயாளி ஒருத்தரைக் கல்யாணம் ஆன நாள்லேருந்து கவனிச்சிட்டிருக்காங்க."

"அடடா, இதுக்கு மேல என்ன வேணும்! கூப்பிடுங்க!"

உடை மாட்டிக்கொண்டு அந்த அம்மா வந்தார். எங்களை ஏறிட்டும் பார்க்கவில்லை. நேரே போய்த் தையல்காரரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சாப்பிட்டியா?" என்றார் தையல்காரர்.

"பேசாம இருங்க, மூச்சு வாங்குது."

"உறுப்பினர் நோயாளியைத் தொடலாமா?" என்று தலைவர் கிசுகிசுத்தார்.

"கள ஆய்வு சார்" என்றார் நர்சம்மா.

"அவர் சொன்னபடியே செய்யுங்க. மிஷின் அந்தப் பொண்ணுக்கு" என்றார் அந்த அம்மா. உறவினர் நேரில் வந்து சொல்லியாகிவிட்டது. மிஷின் நகர்ந்தது.

தையல்காரர் வலியில்லாமல் போய்ச் சேர்ந்தார். கடைசிவரை அந்தக் கை விடவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. முகத்தை மூடிய கண்ணாடிக்குள் கையை விட்டுத் துடைக்க வழியில்லை. பக்கத்துப் படுக்கைப் பெண் பிழைத்து வீட்டுக்கு நடந்தே போனாள்.

குழுவுக்கு மகத்தான வெற்றி! இனி நோயாளிக்கு ஓர் உறுப்பினர் என்று புது உத்தரவு வந்தது. ஊரே உறுப்பினராக முண்டியடித்தது. நடுநிலை கெடக்கூடாது என்று தலைவர் அதில் ஒரே ஒரு வரி சேர்த்தார்: சொந்த உறவினருக்கு யாரும் உறுப்பினராகக் கூடாது. நாங்கள் ஜன்னலில் நின்று கைதட்டினோம். உத்தரவை முழுசாகப் படித்துவிட்டா கைதட்டுவார்கள்?

இப்போது என் அம்மா மாடி வார்டில் கிடக்கிறாள். எனக்கு ஒதுக்கியிருப்பது கீழ் வார்டில் முன்பின் தெரியாத ஒரு பெரியம்மாவை. அவர் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறேன்.

"நீ யாருப்பா?"

"குழு உறுப்பினர்ம்மா."

"என் பையன் எங்க?"

"மாடியில. எங்கம்மா கையைப் பிடிச்சிட்டிருக்கார்."

பெரியம்மா கொஞ்ச நேரம் மூச்சைச் சேர்த்துக்கொண்டார். "அப்ப நீங்க ரெண்டு பேரும் இடம் மாறிக்கக் கூடாதா?"

"நல்ல யோசனைம்மா" என்றேன். "அடுத்த கூட்டத்துல வைக்கிறேன்."