ஓடுபாதை உயர்நிலைப் பள்ளி

மனித குலம் பறக்கக் கற்றது ஒரே ஒரு முறைதான் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. தவறு. இரண்டாம் முறை அது பறக்கக் கற்றது எங்கள் உயர்நிலைப் பள்ளியில்; அதுவும் விமானம் இல்லாமலே. அந்த மகத்தான பணியில், புவியியல் ஆசிரியனாகிய எனக்குத் ‘தலைமைப் பறத்தல் பயிற்றுநர்’ பொறுப்பு கிடைத்தது. நான் விமானத்தில் ஏறியதில்லை. ஆனால் உலகத்தை வரைபடத்தில் மேலிருந்து பார்த்தே பழகியவன். அந்தத் தகுதி போதும் என்று தாளாளர் கருதினார்.

தாளாளர் தொலைநோக்கு உடையவர். விடுமுறையில் முதன்முதலாக விமானத்தில் போய்வந்தவர், வந்த கையோடு ஆசிரியர் கூட்டத்தைக் கூட்டினார்.

“பைலட்டைப் பக்கத்துல பார்த்தேன். என்ன நடை! என்ன தொப்பி! பெட்டியை இழுத்துக்கிட்டுப் போறதே ஒரு அழகு. அப்புறம் மைக்ல பேசினார் பாருங்க, ஒரு வார்த்தை புரியல. அவ்வளவு கம்பீரம்! நம்ம பிள்ளைங்களை ஒன்பதாம் வகுப்புலேர்ந்தே தயார் பண்ணிடணும்.”

“எதுக்கு சார்?” என்றார் இயற்பியல் ஆசிரியர். “பைலட் ஆகறதுக்கா, தொப்பி போடறதுக்கா?”

எதிலும் குதர்க்கம் பேசுபவர் அவர். ஆகவே அவர் நீங்கலாகத் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

‘வணிக விமானிகள் சிறகுப் பிரிவு’ பிறந்தது. எங்கள் பள்ளியில் முதலில் மேலே எழும்பியது கட்டணம். நடைப் பயிற்சி, பெட்டி இழுக்கும் பயிற்சி, அறிவிப்புப் பயிற்சி ஆகியவற்றுக்குப் பாடவேளைகள் தேவைப்பட்டன. இயற்பியலும் கணிதமும் பெருந்தன்மையோடு இடம் விட்டுக்கொடுத்தன. ஆய்வுக்கூடம் ‘விமானி அறை’ ஆயிற்று: அட்டையில் ஒரு மூக்கு, அலுவலகத்திலிருந்து இரண்டு சுழல் நாற்காலிகள், சுவரெல்லாம் பழுதான கடிகாரங்கள். அட்டை மூக்குக்குப் பின்னால் ஒரு ராட்சத மின்விசிறி. அதைப் போட்டு அணைக்கும் ‘காற்றுப் பொறுப்பாளர்’ பதவி இயற்பியல் ஆசிரியருக்கு வழங்கப்பட்டது. காற்றைப் பற்றிப் படித்தவர் அவர்தானே!

பிரிவில் ஒரே ஒரு குறை இருந்தது. அது மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தது. எதற்கெடுத்தாலும் ‘ஏன்’ என்று கேட்டதால் அந்த மாணவிக்கு ‘ஏன்’ என்பதே பெயராகிவிட்டது. அவளுக்கு உண்மையாகவே விமானம் ஓட்ட ஆசை. ஒழுங்காக நடக்கும் ஒரு பிரிவில் இப்படி ஒருத்தி வந்து சேர்ந்தால் சிரமந்தான்.

“சார், அவ்வளவு கனமான விமானம் ஏன் கீழ விழல?”

“விழுந்தா பைலட்டுக்குக் கெட்ட பேருல்ல?”

“இறக்கை ஏன் மேல்பக்கம் வளைஞ்சிருக்கு?”

“அழகுக்கு.”

“அப்போ மத்த ஸ்கூல்ல ஏன் பிசிக்ஸ் நடத்தறாங்க?”

“அவங்ககிட்ட தொப்பி இல்லம்மா, பாவம்.”

வகுப்பே கைதட்டியது. அவள் தட்டவில்லை. மதிய இடைவேளைகளில் மின்விசிறிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொள்வாள். இயற்பியல் ஆசிரியர் ஒரு காகிதத் துண்டை அவள் உதட்டருகே பிடிப்பார். அதன் மேற்புறமாக அவள் ஊதுவாள்; தொங்கிக்கொண்டிருந்த காகிதம் எழும்பி மிதக்கும். அவள் முகமும் கூடவே எழும்பும். இது ‘பாடத்திட்டத்துக்குப் புறம்பான செயல்’ என்று தாளாளர் இருவரையும் எச்சரித்தார்.

ஆண்டு விழாவுக்கு உண்மையான விமானி ஒருவரையே அழைத்திருந்தோம். வந்த அம்மையார் சாதாரணச் சட்டையில் வந்து இறங்கினார். தாளாளரின் முகம் வாடியது.

“தொப்பி கொண்டு வரலியா மேடம்?”

“இன்னைக்கு எனக்கு லீவு சார்.”

மாணவர்கள் பெட்டிகளை இழுத்துக்கொண்டு அணிவகுத்தார்கள். விமானி வியந்துதான் போனார். பிறகு, “கண் டெஸ்ட் எல்லாருக்கும் எடுத்துட்டீங்களா? கலர் சரியாத் தெரியுதான்னு முதல்லயே பார்த்துடறது நல்லது,” என்றார்.

“எல்லாருக்கும் கறுப்புக் கண்ணாடி வாங்கிக் கொடுத்தாச்சு மேடம்!”

“மேத்ஸ், பிசிக்ஸ்?”

“அதெல்லாம் மத்த பிள்ளைங்களுக்கு. இவங்க பைலட்டுங்க.”

விமானி அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. தண்ணீர் மட்டும் கேட்டார்.

விழாவின் சிகரம் ‘புறப்பாட்டு அறிவிப்பு’. கணீரென்ற குரல் ‘ஏன்’ ஒருத்திக்குத்தான். வேறு வழியில்லாமல் அவளிடமே ஒலிபெருக்கியைக் கொடுத்தோம். காற்றுப் பொறுப்பாளர் விசிறியைப் போட்டார்.

“பயணிகளின் கனிவான கவனத்திற்கு,” என்று தொடங்கினாள். “எங்களுக்குக் கணக்கு சொல்லித் தராததால், எவ்வளவு எரிபொருள் வேண்டும் என்று தெரியவில்லை. இயற்பியல் சொல்லித் தராததால், எப்படி மேலே எழும்புவது என்றும் தெரியவில்லை. ஆனால் விமானிகள் அனைவரும் மிக நன்றாக நடப்பார்கள். ஆகவே பயணிகளும் இறங்கி நடந்தே போகும்படி கேட்டுக்கொள்கிறோம். நன்றி, வணக்கம்.”

முதலில் கைதட்டியவர் விமானி. பெற்றோரில் பாதிப் பேர் சிரித்தார்கள். மீதிப் பேர் கட்டிய கட்டணத்தை நினைத்துக்கொண்டார்கள். உணர்ச்சிவசப்பட்ட இயற்பியல் ஆசிரியர் விசிறியை முழு வேகத்தில் திருப்பிவிட, அட்டை மூக்கு பிய்த்துக்கொண்டு கிளம்பி, முன்வரிசையில் தாளாளரின் மடியில் தரையிறங்கியது. எங்கள் பள்ளி நிகழ்த்திய ஒரே பறத்தல் அதுதான்.

மறுநாள் ‘ஓடுபாதை ஒழுங்கு நடவடிக்கைக் குழு’ கூடியது. தையற்கடை வைத்திருக்கும் அவளுடைய அம்மா வரவழைக்கப்பட்டார். சிறகுப் பிரிவின் சீருடைகளைத் தைத்தவரும் அவரே.

“உங்க பொண்ணு பள்ளியோட மானத்தை வாங்கிட்டா!” என்றார் தாளாளர்.

“தோள்ல நாலு கோடு வைக்கச் சொன்னீங்க, வச்சேன் சார். அந்தத் தோளுக்கு மேல ஒரு தலை இருக்கே, அதுல நீங்க என்ன வச்சீங்க?”

“நம்பிக்கை வச்சோம்மா!”

“அது எங்க வீட்லயே நிறைய இருக்கு. டி.சி.யைக் கொடுங்க.”

வாசலில் ‘ஏன்’ என்னிடம் வந்து நின்றாள். கண் கலங்கியிருந்தது. “நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார்?”

“மைக் என்கிட்ட இல்லையேம்மா,” என்றேன். நடுநிலைமை என்பது எளிதில் கைவருவதல்ல.

தொப்பியே இல்லாத ஒரு பள்ளிக்கு அவள் போனாள். அடுத்த பருவத்தில் இயற்பியல் ஆசிரியரும் அங்கேயே போய்ச் சேர்ந்தார். அவள் கணக்கோடு மல்லுக்கட்டினாள், ஒருமுறை நுழைவுத் தேர்வில் தோற்றாள், மறுபடி எழுதினாள், கண் பரிசோதனையில் தேறினாள், பறத்தல் பயிற்சியை முடித்தாள். அவள் உரிமம் பெற்ற செய்தி படத்தோடு நாளிதழில் வந்தது. தாளாளர் பூரித்துப்போய், என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே அவளைத் தொலைபேசியில் அழைத்தார்.

“உன் போட்டோவைப் பள்ளி வாசல்ல பேனரா வைக்கப் போறோம்மா. நீ எங்க பொண்ணு!”

“வைங்க சார். ஆனா கீழ ஒரு வரி, நான் சொல்றபடி போடணும்.”

“போடறேன்! இது சத்தியம்! சொல்லு.”

“‘இங்கே படிக்காததால் விமானி ஆனார்.’ அவ்வளவுதான் சார்.”

தாளாளர் கொடுத்த வாக்கை மீறாதவர். நெடுநேரம் யோசித்து, என்னிடம் திரும்பினார்.

“சத்தியம் பண்ணிட்டேன். போட்டுத்தான் ஆகணும். ஆனா வரி கொஞ்சம் நீளமா இருக்கில்ல?”

நான் புரிந்துகொண்டேன். ‘படிக்காததால்’ என்பதில் ‘க்கா’வை எடுத்துவிட்டு, அங்கே ஒரு ‘த்’ வைத்தேன். ஓர் எழுத்து மிச்சம். பேனரும் எடுப்பாக அமைந்தது. அதைப் படித்துவிட்டு வந்து நிற்கும் பெற்றோரின் வரிசை இன்று தெருமுனையைத் தாண்டிவிட்டது. ஒரு பெண்ணின் பல ஆண்டு உழைப்பை ஒரே எழுத்தில் தன்னுடையதாக்கிக்கொண்ட கல்வி நிறுவனம் வேறெங்காவது இருந்தால் தெரிவியுங்கள். தாளாளர் அதையும் வாங்கிவிடுவார்.