முப்பத்தெட்டு அடி இறக்கைக்கு மனையடி பார்த்த விவரம்

கொழிஞ்சாம்பாறை,
சனிக்கிழமை.

மரியாதைக்குரிய மச்சான் பூபதிராஜா அவர்களுக்கு, தங்கள் தங்கை வனிதாவின் வீட்டுக்காரன் சென்னியப்பன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு நாங்களும் மாடுகளும் தென்னையும் சுகம். பொள்ளாச்சியில் தாங்களும் அக்காவும் சுகமாக இருக்க மாரியம்மன் துணை.

இந்தக் காலத்தில் கடிதமா என்பீர்கள். என் வாட்ஸப், என் மகளும் தங்கள் மருமகளுமான செல்வப்பிரியாவின் லேப்டாப்பிலும் திறந்து கிடக்கிறது. நான் செய்த காரியம் அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். ஆனால் தாய்மாமன் வாயால் பக்குவமாகத் தெரிய வேண்டும். அதனால்தான் பொள்ளாச்சி பஸ் கண்டக்டர் அருள்குமாரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

அவள் பெங்களூர்க் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே விமானம் வரைவது தாங்கள் அறிந்ததே. ஆறு பேர் உட்காரும் சின்ன விமானம். எட்டு மாத உழைப்பு. வருகிற செவ்வாய்க்கிழமை கம்பெனிப் பெரியவர்கள் பார்த்துச் சம்மதித்தால் தலைமைப் பொறுப்பே அவளுக்குத்தான். போன வாரம் எனக்கும் காட்டினாள். "ஏனுங்கப்பா, இங்க ஒரு நம்பர மாத்துனாப் போதுமுங்க, மத்ததெல்லாம் அதுக்குத் தக்கன அதுவே மாறிக்குமுங்க" என்றாள். வெளிநாட்டாருக்கானது என்பதால் அளவெல்லாம் அடிக்கணக்கு. இறக்கை முப்பத்தெட்டு அடி என்றிருந்தது. நம் பக்கத்தில் மாட்டுக்கொட்டகை போட்டாலும் மனையடி பார்க்காமல் கயிறு பிடிக்க மாட்டோம். முப்பத்தெட்டு அடியில் பேய் குடியேறும் என்று தங்களுக்கும் தெரியும். "இது எந்தத் திசை பாத்து நிக்கும் சாமி?" என்று கேட்டேன். "எந்தப் பக்கம் வேணும்னாலும் திரும்புமுங்க" என்றாள். சரி, திசைக் குற்றத்தை விட்டுவிடலாம். எந்தப் பக்கம் திரும்பினாலும் முப்பத்தெட்டு முப்பத்தெட்டுதானே?

நேற்று அவளும் வனிதாவும் ஒரு சீர் விசேஷத்துக்குப் போனார்கள். லேப்டாப் திறந்தே இருந்தது. ஒரே ஒரு அடிதானே என்று முப்பத்தொன்பது ஆக்கினேன். உடனே இருபத்தெட்டு அடியாக இருந்த உடல் இருபத்தெட்டே முக்காலுக்குப் போய்விட்டது. முக்கால் எந்த மனையடியிலும் சேராது என்பதால் இருபத்தொன்பது ஆக்கினேன். வால் நகர்ந்து பதின்மூன்றில் நின்றது. பதின்மூன்றை எப்படி விடுவது? பதினாறாக்கினேன். வால் பெருத்ததால் எடை பின்னால் வந்தது என்று சக்கரங்கள் தாமாகப் பின்னால் போயின. போன இடத்தில் எண்ணெய்த் தொட்டி இருந்திருக்கிறது, அது இறக்கைக்குள் ஏறிக்கொண்டது, இறக்கை தடித்துவிட்டது, இடம் போதாமல் இரண்டு இருக்கைகளைக் காணோம். மூன்று மணி நேரம் போராடி எல்லா அளவையும் நல்ல எண்ணில் நிறுத்தினேன். அப்புறம்தான் படத்தை முழுசாகப் பார்த்தேன். குனிந்து தண்ணீர் குடிக்கிற எருமை மாதிரி இருந்தது. சேமிக்கவா என்று கேட்டது. பதற்றத்தில் ஆமென்று அமுக்கிவிட்டேன்.

மச்சான், பெற்ற மகளின் உழைப்பை என் கையாலேயே கெடுத்தேனே என்று நேற்றிலிருந்து சோறு இறங்கவில்லை. வனிதா, "என்னுங்க, மாட்டுக்கு வந்த காய்ச்சல் உங்களுக்கும் ஒட்டிக்கிச்சுங்களா?" என்கிறாள். தாங்கள் உடனே புறப்பட்டு வந்து, அப்பன் அன்பினால் செய்தான், அறிவினால் செய்யவில்லை என்று அவளிடம் சொல்லி என்னைக் காப்பாற்ற வேண்டும். இனி அந்த லேப்டாப் இருக்கும் அறைப்பக்கம் தலை வைக்க மாட்டேன். அக்காவுக்கு என் வணக்கமும், பேரக்குழந்தைகளுக்கு ஆசியும் சேர்க்கவும்.

தங்கள் அன்புள்ள,
கி. சென்னியப்பன்.

பி.கு.: அருள்குமார் லீவில் போனதால் கடிதம் ஐந்து நாள் என் சட்டைப்பையிலேயே கிடந்தது. அதற்குள் செல்வப்பிரியா கண்டுபிடித்துவிட்டாள். கோபிக்கவில்லை. "ஆரம்பத்துல இப்படி மாத்தி மாத்திப் பாக்கறதுக்குத்தானுங்கப்பா இந்தச் சாஃப்ட்வேரே. என்னோடது தனியாப் பத்திரமா இருக்குதுங்க. உங்களதையும் நூத்திப் பன்னெண்டாவது மாதிரியாச் சேத்து அனுப்பிட்டேனுங்க" என்றாள். செவ்வாய்க்கிழமை அவளுடைய விமானத்துக்குச் சம்மதம் சொல்லி, பொறுப்பும் கொடுத்துவிட்டார்கள். மகிழ்ச்சி. ஆனால் என்னுடையதை முதல் நிமிடத்திலேயே தள்ளிவிட்டார்களாம். சிரிக்கவும் செய்தார்களாம். ஆகவே மேலே கேட்ட மன்னிப்பையெல்லாம் அடித்துவிடவும். இறக்கை முப்பத்தொன்பது, உடல் இருபத்தொன்பது, வால் பதினாறு. இதில் எந்த அளவு ஆகாதது? கொழிஞ்சாம்பாறைக்கு வர வேண்டாம், நேராகப் பெங்களூர் போய்க் கேட்டு எழுதவும்.