கூடை கொண்டுவர வேண்டாம்

முட்டுக்காடு,
செவ்வாய்க்கிழமை.

மதிப்பிற்குரிய அக்கா வைஷாலிக்கு,

உன் ஒரே தம்பி ஷ்யாம் முறைப்படி வணக்கம் சொல்லி எழுதுவது. நான் நலம். ஊறுகா என்னைவிட நலம். மும்பையில் நீயும், கேன்டீன்காரர் மனது வைத்தால் உன் வயிறும் நலமாக இருக்கும் என்று நம்புகிறேன்.

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நீ என்னைப் பேச விடுவதில்லை. "ஊறுகா சாப்ட்டானா?" என்று ஆரம்பித்து "மீட்டிங், வெச்சிடறேன்" என்று முடித்துவிடுகிறாய். போட்டோவும் அனுப்பக் கூடாது. பூனை முகத்தைப் பார்த்தால் அழுகை வந்து லீவு போட்டுவிடுவேன் என்று நீயே சட்டம் போட்டிருக்கிறாய். மிச்சம் இருப்பது தபால்.

விஷயம் இதுதான். குவார்ட்டர்ஸ் கிடைத்துவிட்டது, அடுத்த வாரம் வந்து ஊறுகாவை எடுத்துப் போகிறேன் என்றாய். வா. நல்ல இறால் வாங்கி வைக்கிறேன். கூடையை மட்டும் கொண்டுவராதே. ஊறுகா என்னிடமே இருக்கட்டும். ஏன் என்பதைச் சொல்கிறேன். மீட்டிங் இல்லாத நேரத்தில் படி.

கல்பாக்கத்திலிருந்து மாற்றலாகிப் போகும்போது நீ போட்ட நிபந்தனை ஒன்றுதான். ஊறுகா வாசல் தாண்டக் கூடாது. ஈ.சி.ஆரில் பஸ் பறக்கிறது, தெருவில் நாய் இருக்கிறது. சரி. ஆனால் அவன் நாளெல்லாம் ஜன்னல் கம்பிக்கு நடுவில் முகத்தை வைத்துக்கொண்டு காயலையே பார்த்திருந்தான். நானும் லேப்டாப்பை வைத்துக்கொண்டு அதையேதான் பார்த்திருந்தேன். இருவரில் ஒருவராவது வெளியே போகட்டும் என்று தோன்றியது.

எனவே வீட்டின் பக்கவாட்டில் அவனுக்கு ஒரு வெளிக்கூண்டு. சமையலறை ஜன்னலிலிருந்து நேராகக் கூண்டுக்குள் இறங்க ஒரு பலகை. உள்ளே ஏறி உட்கார மூன்று தட்டு, நகம் தேய்க்கக் கயிறு சுற்றிய கட்டை, ஒரு தொட்டியில் புல். எல்லாவற்றையும் படித்துத்தான் செய்தேன். சுற்றி அடிக்கக் கம்பி வலை வாங்கப் போனபோதுதான் பக்கத்து வீட்டு ஜான்சன் மறித்தான். சொந்தப் படகில் மீன் பிடிப்பவன். என் வயதுதான்.

"கம்பி இன்னாத்துக்கு மச்சான்? உப்புக் காத்துல ரெண்டே மாசம், துரு புட்ச்சிக்கும். நம்மாண்ட பழைய நைலான் வலை சும்மா கீது. சொறாவே அறுக்கல அத்த. உன் பூனை இன்னா பண்ணிடப் போவுது?"

அறிவியல்பூர்வமாகப் பட்டது. சவுக்குக் கம்பு நட்டோம். வலையை இழுத்துக் கட்டினோம். எதிர் வீட்டு செங்கம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கடைசிவரை பார்த்தார். "பூனைக்கு மாடி, தோட்டம் அல்லாம் கீது. எங்க வூட்டுக்காரரு ஃபேனு கேட்டு ஒரு வருசமா அழுதுகினு கீறாரு" என்றார்.

ஒன்றை நானும் யோசிக்கவில்லை, ஜான்சனும் யோசிக்கவில்லை. அது பல வருடம் மீன் பிடித்த வலை. அதை யாரும் கழுவவில்லை. மடவை, கெளுத்தி, இறால். வருடக்கணக்கான வாசனை முடிச்சு முடிச்சாக ஊறியிருந்தது. பூனை வெளியே போகக் கூடாதென்று மீனாலேயே சுவர் கட்டியவர்கள் இந்தக் கடற்கரையில் நாங்கள் இருவர்தான்.

முதலில் மதில் மேல் ஒரு பூனை வந்தது, அதை விரட்டத் துடைப்பம் எடுத்துத் திரும்புவதற்குள் கூண்டின் மேலே ஒன்று, பக்கத்தில் இரண்டு, ஊறுகா உள்ளேயிருந்து சீறுகிறான், அதுங்க வெளியேயிருந்து வலையை நக்குதுங்க, நடுவில் நான் ச்சூ ச்சூ என்கிறேன், அந்த நேரம் பார்த்து ஆபீஸ் மீட்டிங், காதில் ஹெட்போன், மேனேஜர் கேட்கிற எல்லாவற்றுக்கும் ச்சூ என்றே பதில் சொல்கிறேன், வலை கிழியவில்லை, சுறா விஷயத்தில் ஜான்சன் சொன்னது சத்தியம், ஆனால் மணலில் நட்ட கம்பு எத்தனை பூனையைத் தாங்கும் சொல்லு, ஒரு பக்கமாகச் சாய்ந்து, மொத்தமும் குப்புற விழுந்து, ஊறுகாவோடு சேர்த்து எல்லாப் பூனையும் வலைக்குள் ஒரே உருண்டை.

ஜான்சன் ஓடி வந்தான். உதவவில்லை. முதலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"மச்சான், ராவெல்லாம் கடல்ல கெடந்தாலும் எனக்கு இப்பிடி ஒரு மீன்பாடு விழுந்ததில்ல."

பிரித்தெடுத்தோம். எல்லாமே ஆரஞ்சு நிறம். "இந்தத் தெருல அல்லாம் ஒரே கடுவனோட புள்ளைங்க தம்பி" என்றார் செங்கம்மாள். ஊறுகாவின் கழுத்துப் பட்டை அறுந்து வலையில் தொங்கியது. நான் பதறவில்லை. ஒவ்வொன்றாகத் தூக்கி, கண்ணைப் பார்த்து, "ஊறுகா" என்றேன். ஒன்று கீறியது. ஒன்று கடித்தது. ஒன்று உதைத்துவிட்டு வீட்டுக்குள் கட்டிலுக்கடியில் ஓடப் பார்த்தது. ஒன்று மட்டும் என் தோளில் தலை வைத்துக் கண்ணை மூடியது. வளர்த்த பாசம் பொய் சொல்லாது. அவனை வீட்டுக்குள் வைத்துச் சாத்தினேன். மற்றவற்றை விரட்டினேன். வலையைச் சோப்புப் போட்டு ஊறவைத்து, வெயிலில் காயவைத்து, கம்புகளுக்கு சிமெண்ட் போட்டுக் கூண்டை மறுபடி நிறுத்தினேன்.

அக்கா, அன்றிலிருந்து ஊறுகா வேறு ஆள். உன்னிடம் அந்த உலர்ந்த பாக்கெட் உருண்டையையும் தயிர் சோற்றையும் தவிர எதையும் தொடமாட்டான். இப்போது மீன் தலை சாப்பிடுகிறான், முள்ளோடு. என் மேஜையின் இரண்டாவது இழுப்பறையை நகத்தால் இழுத்துத் திறந்து, நீ விட்டுப்போன மஞ்சள் துப்பட்டாவில் தூங்கும் கெட்ட பழக்கம் இருந்ததே. அடியோடு போய்விட்டது. இழுப்பறை என்று ஒன்று இருப்பதே அவனுக்குத் தெரியவில்லை.

பேனாவை டக் என்று அழுத்துவேன். வந்தால் ஒரு துண்டு மீன். இவ்வளவுதான் பயிற்சி. இப்போது டக் என்றால் வருகிறான். டக் டக் என்றால் உட்காருகிறான். மூன்று டக் என்றால் பலகையில் ஏறித் தானே கூண்டுக்குப் போகிறான். ஒரே சிக்கல், வீடியோ மீட்டிங்கில் மேனேஜருக்குப் பேனாவை அழுத்திக்கொண்டே பேசும் வழக்கம். போன வாரம் பட்ஜெட் பேசும்போது அவர் அழுத்த அழுத்த ஊறுகா கீபோர்டில் உட்கார்ந்தான், எழுந்தான், உட்கார்ந்தான். அவர் மரியாதை என்று எடுத்துக்கொண்டார்.

இதைச் சொல்வது உனக்கு வலிக்கும். இருந்தாலும் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நீ ஸ்பீக்கரில் "ஊறுகாக் குட்டி" என்று கூப்பிட்டாயே. அவன் காதுகூட அசையவில்லை. உன்னை மறந்துவிட்டான். வெளியே அந்தத் திருட்டுப் பூனை கத்திய கத்தலில் உனக்கு அது கேட்டிருக்காது.

திருட்டுப் பூனையைப் பற்றிச் சொல்லவில்லையே. வலை கவிழ்ந்த அன்று வந்த கூட்டத்தில் ஒன்று. போகவே இல்லை. ஒன்றரை மாதமாக ஜன்னலுக்கு வெளியே உட்கார்ந்து என்னையே பார்க்கிறது. மீன் தலை போட்டால் முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. திருடனுக்கு இவ்வளவு கர்வம். தினமும் பைப்பை எடுத்துத் தண்ணீர் அடிக்கிறேன். நனைந்துகொண்டே பார்க்கிறது.

"இன்னா தம்பி அது, இங்கயே குந்திகினு கீது? கருவாடு வெச்சேன், தொடல. தயிர் சோறுதான் துன்னுது. ஆபீசரு வூட்டுப் பூனையாட்டம்" என்றார் செங்கம்மாள். அவர் கொடுக்கும் இடம்தான் எல்லாவற்றுக்கும் காரணம்.

அக்கா, கடைசிக் காரணம் ஒன்று இருக்கிறது. அதை எழுத மூன்று நாளாகத் தள்ளிப்போட்டேன். நான் வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். சில நாட்களில், மாலையில்தான் அன்று யாரோடும் பேசவில்லை என்பது நினைவுக்கு வரும். தனிமை என்று சொல்ல மாட்டேன். பெரிய வார்த்தை. பேனாவை அழுத்தினால் ஓர் உயிர் வருகிறது. அவ்வளவுதான்.

யோசித்துப் பார். நேரத்துக்குச் சாப்பிடு. மழையில் நனைந்து ரயிலில் தொங்காதே. அத்தானுக்கு என் வணக்கம். கடவுள் உனக்கு நீண்ட ஆயுளையும், பூனை இல்லாமல் வாழும் மனவலிமையையும் தரட்டும்.

இப்படிக்கு,
அன்புத் தம்பி,
ஷ்யாம்.

பி.கு.: ஒட்டிய உறையைக் கிழித்துத் திறந்து எழுதுகிறேன். கூண்டில் ஒரு முடிச்சு தளர்ந்திருந்தது. கட்ட வந்த ஜான்சன் வாசல் கதவைத் திறந்து போட்டுவிட்டான். திருட்டுப் பூனை உள்ளே வந்தது. அடுப்படியில் மீன் இருந்தது, அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. நேராக என் மேஜைக்குப் போனது. இரண்டாவது இழுப்பறையை நகத்தால் இழுத்தது. மஞ்சள் துப்பட்டாவின் மேல் ஏறிச் சுருண்டு படுத்து, இத்தனை நாள் எங்கே போனாய் என்பதுபோல் என்னைப் பார்த்தது.

உன் பழைய வாய்ஸ் மெசேஜ் ஒன்றைப் போட்டேன். துப்பட்டாவுக்குள்ளிருந்து ஒரு தலை எழுந்து உன்னைத் தேடியது.

ஜான்சன் அந்தத் தலையைப் பார்த்தான். பிறகு கூண்டைப் பார்த்தான். "அப்போ உள்ள கீறது யாரு மச்சான்?"

உள்ளே இருந்தவன் பேனாச் சத்தத்துக்காகக் காத்திருந்தான். செங்கம்மாளைக் கூப்பிட்டுக் கேட்டேன். "அதுவா? அது யார்துமில்ல தம்பி. என் வூட்டு ஓட்டு மேல படுத்துகினு இருந்துச்சி. ஒன்றர மாசமா காணமேன்னு நெனச்சேன். நல்லா சதை போட்டுக்கிச்சே!"

ஒன்றரை மாதம் உன் பிள்ளை மேல் தண்ணீர் அடித்திருக்கிறேன். இளைக்கவில்லை. தயிர் சோறு. வாசல் தாண்டியிருக்கிறான், பஸ் எதிலும் படவில்லை. நீ வந்து அடிக்க வேண்டிய அடியை அடித்துக்கொள்.

மேலே எழுதிய காரணங்களை அடித்துவிடலாம் என்று பேனாவை எடுத்தேன். டக் என்றது. அவன் வந்து நின்றான். படித்துப் பார்த்தேன். எல்லாக் காரணமும் உண்மைதான். பூனைதான் வேறு.

கூடை கொண்டுவா. ஒன்று போதும்.