நாற்பது சொட்டு

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு, லாங்டன் என்ற ஆங்கிலேய ஊரில் பாக்னல் குடும்பத்து அடுக்களையில் இருந்தவர்கள் ஐந்து பேர். வீட்டுக்காரர் நெவில். அவர் மனைவி பெரில். பெரிலின் தங்கை நோரா. பக்கத்து வீட்டு ராய்ஸ்டன். கடைத்தெருவில் மின் சிகரெட் கடை வைத்திருக்கும் ரீட்டா. மேஜைக்கு அடியில் ஒரு நாயும் இருந்தது. நடந்த எதிலும் அது கலந்துகொள்ளாததால் கணக்கில் சேர்க்கவில்லை.

எல்லாரையும் கூப்பிட்டது நெவில்தான். ராய்ஸ்டன் ஒரு நாளைக்கு முப்பது சிகரெட் பிடிப்பவர். டாக்டர் அவரை மிரட்டியிருந்தார். நல்ல மின் சிகரெட்டாக ஒன்று சொல்லேன் என்று சுவருக்கு மேலே தலையை நீட்டிக் கேட்டிருந்தார். கேட்டாரே ஒரு கேள்வி. நெவில் அதற்கு ஒரு கூட்டமே கூட்டிவிட்டார். பதினான்கு வாரம் தேடி, ஐந்து மெஷின் பார்த்து, கடைசியில் நம்பகமான ஒன்றைக் கண்டுபிடித்த மனிதர் அவர். விற்றவள் என்ற முறையில் ரீட்டாவும் வந்து அந்தப் பாராட்டில் பங்கு பெறட்டும் என்று பெரிய மனது பண்ணியிருந்தார்.

தேடல் தொடங்கியது சோஃபாவில். புது சோஃபா. நெவிலின் சிகரெட் நெருப்பு விழுந்து அதில் மூன்றாவது ஓட்டை விழுந்தது. பெரில் கத்தவில்லை. ஓட்டைக்கு ஒன்றாக மூன்று சாஸரைக் கவிழ்த்து வைத்துவிட்டு நின்றாள்.

"நாலாவது ஓட்டை விழுந்தா, அதுக்கு மேல உன்னை வெச்சு மூடிடுவேன்... வாத்தே."

வாத்து என்றால் திட்டு இல்லை. அந்த ஊரில் புருஷனும் வாத்து, பால்காரரும் வாத்து, பாதிரியாரும் வாத்து. கோபம் எவ்வளவு என்பதை, வாத்துக்கு முன்னால் விடும் இடைவெளியை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அன்றைய இடைவெளியில் ஒரு பஸ் திரும்பியிருக்கலாம்.

நெவில் பின்வாங்கினார். ஆனால் தலை நிமிர்ந்து பின்வாங்கினார். சிகரெட்டை இன்றோடு விட்டேன், இனி மின் சிகரெட் என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். நோராவும் அங்கே இருந்தாள். மைத்துனி முன்னால் தோற்பது போல இருந்ததால் மேலும் ஒரு வார்த்தை விட்டார்.

"சிகரெட்டைத்தான் விடுறேன். நிக்கோடினை விடமாட்டேன். என் ஆவி இருக்கற வரைக்கும் அது என்னோட இருக்கும். அது என்னைக்கு என்னை விட்டுப் போகுதோ, அன்னைக்கு நானும் உங்களோட வியாழக்கிழமை ஆட்டத்துக்கு வரேன். தொப்பி, பூட்ஸ் எல்லாம் மாட்டிக்கிட்டு."

வியாழக்கிழமை ஆட்டம் என்பது சர்ச் மண்டபத்தில் நடப்பது. இருபத்து மூன்று பெண்களும் ஒரு தபால்காரரும் மாடு மேய்க்கும் அமெரிக்கர்கள் போலத் தொப்பி வைத்து, வரிசையாக நின்று, தரையை மிதிப்பார்கள். சகோதரிகள் இரண்டு பேரும் முதல் வரிசை. அதே வியாழக்கிழமை, அதே நேரம், கிளப்பில் நெவிலுக்குச் சுவர்ப் பலகையில் குட்டி அம்பெறியும் ஆட்டம். அணியில் கடைசி அம்பு அவருடையது. பதினொரு வருஷத்தில் ஒரு வியாழக்கிழமைகூடத் தவறியதில்லை. அவருக்கென்று இருந்த ஒரே சாயங்காலத்தைத்தான் அவர் பணயம் வைத்தார். தோற்க வழியே இல்லாத பணயம் என்று நினைத்தார்.

பெரில் ஒன்றே ஒன்று கேட்டாள். "உடம்புல நிக்கோடின் இல்லேன்னா வருவ?"

"வருவேன்."

"வாத்தே, சத்தியமா?"

"சத்தியமா."

அவள் போய்ப் பாத்திரம் கழுவினாள்.

முதல் மெஷின் பெட்ரோல் பங்கில் வாங்கியது. பார்க்க அசல் சிகரெட் மாதிரியே இருக்கும். இழுத்தால் நுனியில் சிவப்பு விளக்கு எரியும். நாற்பது நிமிஷம் ராஜா போல உட்கார்ந்து இழுத்தார். திருப்தியாக இருந்தது. அந்தத் திருப்தியில், நாற்பத்து நான்கு வருஷப் பழக்கத்தில், அதை ஆஷ்ட்ரேயில் வைத்து நசுக்கி அணைத்தார். அது இடுப்பில் முறிந்து போயிற்று.

பிறகுதான் ரீட்டா கடைக்குப் போனார். ரீட்டாவுக்கு ஐம்பது வயது. தலைமுடிக்குக் கத்தரிக்காய் நிறம். வாங்க வாத்தே, புதுசா என்று கேட்டாள். ஏமாற்றாத மெஷினாக ஒன்று வேண்டும் என்றார் நெவில். மெஷின் யாரையும் ஏமாற்றாது என்று சொல்லி, வெள்ளி நிறத்தில் பேனா மாதிரி ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். அதில் ஊற்றுவதற்குக் கஸ்டர்டு வாசனை போட்ட நிக்கோடின் திரவம், கடைக் கணக்கில் பதினெட்டுக் காரம், பன்னிரண்டு பாட்டில்.

அந்தப் பேனாவின் தொட்டியில் திரவத்தை ஓரமாக விட வேண்டும். நடுவில் இருக்கும் துளை காற்றுப் போக. நெவில் நடுவில் விட்டார். பிறகு இழுத்தார். வாய் முழுக்கக் கஸ்டர்டும் நெருப்பும். அரை மணி நேரம் நாக்கைக் குழாயடியில் வைத்திருந்தார்.

அப்போதுதான் பெரில், நான் நிரப்பித் தருகிறேன் என்றாள்.

அதில் நெவிலுக்குச் சந்தேகப்பட ஒன்றும் இல்லை. பெரிலின் கை அப்படிப்பட்ட கை. கோப்பைத் தொழிற்சாலையில் இருபத்தாறு வருஷம் டீ கோப்பை விளிம்பில் தங்கக் கோடு இழுத்தவள். ஒரு திங்கட்கிழமை காலை தொடங்கினாள். அதிலிருந்து தினமும் காலை டீ முடிந்ததும் மெஷினைத் திறந்து, ஓரம் பார்த்து, சத்தமாக எண்ணி விடுவாள். தொட்டிக்கு நாற்பது சொட்டு. நெவில் பேப்பருக்குப் பின்னால் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, நாற்பது என்று காதில் விழுந்ததும் பேப்பரை மடித்துவிட்டுக் கையை நீட்டுவார். எண்ணிக்கை சரியாக இருந்தால் அவருக்குப் போதும்.

முதல் வாரம் பேனா நன்றாக உழைத்தது. இரண்டாவது வாரம் அதற்குக் கொஞ்சம் சோம்பல் வந்தது போல இருந்தது. மூன்றாவது வாரம் ரீட்டா கடைக்குத் தூக்கிக்கொண்டு போனார். அவள் அதைத் துண்டு துண்டாகக் கழற்றிப் பார்த்து, குறை ஒன்றும் இல்லையே என்றாள்.

"இருக்கு, ஆனா இல்ல" என்றார் நெவில். "தொண்டைல ஒரு தட்டு தட்டணும். இது கதவைத் தட்டிட்டு ஓடிப் போயிடுது."

பேனாவைப் பழுது பார்க்க விட்டுவிட்டு, நீல நிறத்தில் இன்னொன்று வாங்கி வந்தார். புது மாப்பிள்ளை மாதிரி அது இரண்டு நாள் சுறுசுறுப்பாக இருந்தது. ஐந்தாவது வாரம், சோப்புப் பெட்டி அளவுக்கு ஒன்று. அதை இழுத்தால் ரயில் கிளம்புவது போல ஆவி வரும். கொல்லையில் அவர் இழுத்ததைப் பார்த்து, வீடு பற்றிக்கொண்டதா என்று ராய்ஸ்டன் கேட்டார். ஆவி ஊரைக் கூட்டியதே தவிர, தொண்டைக்கு ஒன்றும் செய்யவில்லை. எட்டாவது வாரம் நெவில் கடை வாசலிலேயே நின்று, உலகத்தில் யோக்கியமான மெஷின் ஒன்றுகூடக் கிடையாதா என்று கேட்டார். ரீட்டா கல்லாவை விட்டு எழுந்தாள். உள்ளே போய், பழுப்புத் தோல் உறை போட்ட ஒன்றைக் கொண்டு வந்து கொடுத்தாள்.

அதுதான் ஐந்தாவது. ஒன்பதாவது வாரத்திலிருந்து நெவிலுக்கு நல்ல காலம். இழுத்தால் இதமாக இருந்தது. இழுக்க மறந்தாலும் இதமாகவே இருந்தது. மாடிப்படி ஒரே மூச்சில் ஏறினார். பாலாடைக்கட்டியில் இத்தனை ருசி இருப்பது அறுபத்திரண்டு வயதில்தான் அவருக்குத் தெரிந்தது. வியாழக்கிழமைகளில் அம்பு எறியும் கை நடுங்கவே இல்லை. எல்லாப் புகழையும் மெஷினுக்கே கொடுத்தார். கிளப்பில் மூன்று பேர் அதன் பெயரைக் காகிதத்தில் எழுதி வாங்கிக்கொண்டார்கள். வீட்டில் புகையும் இல்லை, புகைச்சலும் இல்லை. பெரில்கூட அடிக்கடி பாட்டு முணுமுணுத்தாள். அதையும் அவர் மெஷின் கணக்கில்தான் எழுதினார்.

இப்படித்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. பாலாடைக்கட்டி வைத்து மடித்த ஓட்ஸ் அடைகளை எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகு நெவில் எழுந்து நின்று பேசினார். பேட்டரி, தொட்டி, ஆவி, பொறுமை என்று ஒவ்வொன்றாக விளக்கினார். மனிதன் நிக்கோடினை விடத் தேவையில்லை, நல்ல மெஷின் கிடைத்தால் போதும் என்று முடித்தார். முடிக்கும்போது நோராவை ஒரு பார்வை பார்த்தார்.

எத்தனை காரம் என்று ராய்ஸ்டன் கேட்டார். பதினெட்டு, பொறுத்து இழு, தலை சுற்றும் என்று எச்சரித்துக் கொடுத்தார் நெவில்.

ராய்ஸ்டன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு இழுத்தார். காத்திருந்தார். இன்னும் நீளமாக இழுத்தார். மறுபடி காத்திருந்தார்.

"நெவில், இதுல ஒண்ணும் இல்லடா."

"நல்லா இழு."

"இழுத்தாச்சு. பாயசப் பாத்திரத்தைத் தொறந்து மோந்து பார்த்த மாதிரி இருக்கு. வெறும் ஆவிடா."

முப்பது சிகரெட் பிடித்துப் பிடித்து உன் தொண்டை தோலாகிவிட்டது என்றார் நெவில். ராய்ஸ்டன் ரீட்டாவைப் பார்த்தார். ரீட்டா பெரிலைப் பார்த்தாள். பெரில் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அவர் சொல்றது சரிதான்" என்றாள். "ஆறு வாரமா அதுல ஒண்ணும் இல்ல."

"நாற்பது சொட்டு நீதான எண்ணின? நான் கேட்டேனே."

"நாப்பதுதான் எண்ணினேன். எந்த பாட்டில்னு நீ கேக்கல, வாத்தே."

இந்தத் தடவை வாத்துக்கு முன்னால் இடைவெளியே இல்லை.

பிறகு அவள் தட்டுகளைத் துடைத்துக்கொண்டே சாவகாசமாகச் சொன்னாள். தொழிற்சாலையில் ஒரு சமயம் தங்கம் விலை ஏறியது. கோட்டின் அகலத்தைக் குறைக்கச் சொன்னார் மேஸ்திரி. சட்டென்று குறைத்தால் வாங்குகிறவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று, மாதத்துக்கு ஒரு மயிரிழை குறைக்கச் சொன்னார். ஒரு வருஷத்தில் கோடு பாதியாயிற்று. ஒருவரும் கேட்கவில்லை. நெவிலுக்கும் அப்படித்தான். முதல் வாரம் தினமும் நாற்பதும் கார பாட்டிலிலிருந்து. அடுத்த வாரம் முப்பத்தைந்து அதிலிருந்து, மிச்சம் ஐந்து சொட்டு ரீட்டாவிடம் தனியாக வாங்கிய, காரமே இல்லாத பாட்டிலிலிருந்து. வாரத்துக்கு ஐந்து ஐந்தாகக் குறைத்து, ஒன்பதாவது வாரம் திங்கட்கிழமை பூஜ்யம். இன்றோடு நாற்பத்திரண்டு நாள்.

"தங்கக் கோட்டைப் பத்தி யாரும் கேக்கல" என்றாள். "நீ வாரா வாரம் மெஷினைப் போய்த் திட்டின."

நெவில் ரீட்டா பக்கம் திரும்பினார். அப்படியானால் இந்த ஐந்தாவது மெஷின் மட்டும் எப்படி ஒத்துவந்தது என்று கேட்டார். அதிலாவது ஏதோ விசேஷம் இருக்க வேண்டும்.

ரீட்டா தோல் உறையை மெதுவாக உருவினாள். உள்ளே வெள்ளி நிறப் பேனா. பழுது பார்க்க அவர் விட்டுவிட்டுப் போன அதே பேனா.

"பழுதே இல்லாததுக்கு நான் என்ன பண்றது? நல்ல மெஷினை வெச்சுக்கிட்டு உங்களுக்கு இன்னொண்ணு தள்ளி விட மனசு வரல. அதான் சட்டையை மாத்திட்டேன்."

நாய் ஒருமுறை கொட்டாவி விட்டது.

நெவில் அவ்வளவு சீக்கிரம் விடுகிற ஆள் இல்லை. இது செல்லாது, தெரியாமல் நடந்ததற்கு சத்தியம் பொறுப்பாகாது, என் பாட்டில்கள் எங்கே, இந்த நிமிஷமே மறுபடி தொடங்குகிறேன் என்றார். பெரில் மறுக்கவில்லை. பொத்தான் போட்டு வைக்கும் தகர டப்பாவைக் கொண்டு வந்து வைத்தாள். பதினெட்டுக் காரம், ஐந்து முழு பாட்டில். ஆறு தீர்ந்திருந்தது; ஏழாவது பாட்டில் மட்டும் பாதியில் நின்றது. அதில் நூற்று நாற்பது சொட்டு என்று அவள் சீட்டே ஒட்டியிருந்தாள்.

நெவில் மெஷினின் தொட்டியைப் பாத்திரம் கழுவும் இடத்தில் கவிழ்த்துவிட்டு, தன் கையாலேயே நிரப்பினார். நாலு பேர் பார்க்கும்போது எந்தக் கையும் கொஞ்சம் நடுங்கும். நாற்பது உள்ளே போனது. கொஞ்சம் மேஜைத் துணியிலும் போனது. பிறகு நெஞ்சை நிமிர்த்தி, நோராவைப் பார்த்தபடியே, நீளமாக ஒரு இழுப்பு இழுத்தார்.

முதலில் கண் சிவந்தது. அப்புறம் காது. அதற்கப்புறம் இருமல் வந்தது. உட்கார்ந்து இருமினார், எழுந்து இருமினார், கதவைப் பிடித்துக்கொண்டு இருமினார். நாய் வெளியே போய்விட்டது. மெஷினை ராய்ஸ்டன் எடுத்து ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்து, இதுதான் சரக்கு என்று தலையை ஆட்டி, தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

பெரில் தண்ணீர் கொடுத்து முதுகைத் தடவினாள். நோரா தன் தொப்பியை அவர் தலையோடு மனசிலேயே ஒத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப... உள்ள... போயிருக்கு" என்றார் நெவில். "நிக்கோடின்... இருக்கு. சத்தியம் தப்பல."

"ஒரு இழுப்புதான். அதுலயும் பாதி இருமல்ல வந்துடுச்சு" என்றாள் பெரில். "மிச்சம் வியாழக்கிழமைக்குள்ள போயிடும், வாத்தே. இன்னொரு இழுப்பு வேணுமா?"

நெவில் அந்த பாட்டிலைப் பார்த்தார். தொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். வேண்டாம் என்று தலையசைத்தார்.

பெரில் மேஜைத் துணியைத் துடைக்குமுன் சிந்தியதை எண்ணினாள். பதினொன்று. பழைய சீட்டைக் கிழித்துவிட்டுப் புதுச் சீட்டு ஒட்டி, டப்பாவை மூடினாள். மிச்சம் ஐந்து முழு பாட்டில், எண்பத்தொன்பது சொட்டு.

வியாழக்கிழமைக்கு மிச்சம் நான்கு நாள்.