முக்கோணம் நானாவின் சைலன்சர்

பதுளையில் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றால், பாதித் தடவை அதற்குக் காரணம் முக்கோணம் நானாதான். இதை நான் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்வேன்.

எங்கள் பக்கம் முஸ்லிம் அண்ணன்மாரை நானா என்போம். இந்த நானாவுக்குக் கடைவீதியில் குடையும் பள்ளிச் சப்பாத்தும் விற்கும் கடை. அவர் பேசுவது எதிரில் நிற்பவருக்கே கேட்காது. விலை கேட்டவர்கள் மேசைக்கு மேலே பாதி உடம்பைச் சாய்த்துத்தான் பதில் வாங்க வேண்டும். அப்படிப்பட்ட மனிதரிடம் ஊவா மாகாணத்திலேயே அதிகச் சத்தம் போடும் கார் இருந்தது. பழைய சிவப்பு ஜப்பான் கார். உள்ளே ரொட்டரி எஞ்சின்.

அது என்ன எஞ்சின் என்று யாராவது வாய்தவறிக் கேட்டுவிட்டால் போதும். தேநீர்க்கடைக்கு இழுத்துப் போய், முக்கோணமாக மடித்த மரக்கறி ரொட்டி ஒன்றை எடுத்துச் சம்பல் தட்டில் நிறுத்துவார்.

"மத்த எஞ்சினெல்லாம் தையல் மெஷின் ஊசி மாதிரி மேலயும் கீழயும் குத்தும். இது அப்பிடியில்ல தம்பி. இந்தா, இப்பிடிச் சுத்தும்."

சுற்றிக் காட்டுவார். தட்டிலிருந்த சம்பல், கேள்வி கேட்டவரின் சட்டைக்குப் போய்விடும். பட்டப்பெயர் வந்தது இப்படித்தான்.

எஞ்சினில் ஒரு குறையும் இல்லை. சைலன்சர்தான் அந்தக் காரில் வாழாது. எரிந்து முடியாத பெட்ரோலும் கொதிக்கும் புகையுமாக வெளியே தள்ளுகிற எஞ்சின் அது. "இதுட மூச்சே நெருப்பு" என்பார் நானா. கடையில் வாங்கிப் பூட்டிய சைலன்சர்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கருகிச் செத்தன.

நான் குடை வாங்கப் போனபோதுதான் அவரிடம் மாட்டினேன்.

"எங்க இருக்கீங்க தம்பி?"

"தெமோதரைப் பக்கம் நானா. தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல படிச்சுக் குடுக்குறேன்."

"அங்க ஏத்தம் எப்பிடி?"

"பஸ்ஸே மூச்சு வாங்குங்க."

குடையைக் கையில் கொடுத்துவிட்டுக் கடையைப் பூட்டினார். என்னைக் காரில் ஏற்றித் தோட்டத்து வளைவில் இறக்கி, "நான் கீழ இருந்து மேல வாறேன். சத்தம் எப்பிடி ஈக்கின்னு செல்லுங்க" என்றார். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வளைவில் நிற்பது என் உத்தியோகமாயிற்று.

ஒருநாள் அந்த ஏற்றத்தில் எதிரே ஒரு சவ ஊர்வலம் வந்தது. நானா மரியாதையாக ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்தப் போனார். அந்த நேரம் பார்த்து சைலன்சர் ஒரு வெடி வெடித்து, வயிற்றில் அடைத்திருந்த கண்ணாடிப் பஞ்சு முழுவதையும் வானத்துக்குத் துப்பியது. பறை நின்றது. வெள்ளை வெள்ளையாகப் பாடைமீது பஞ்சு இறங்கியது. ஒப்பாரி வைத்துக்கொண்டு வந்த ஒரு பாட்டி, "மேல இருந்து பூப் போடுறாங்கடி" என்று கும்பிட்டாள். இறந்தவரோ தோட்டத்தில் ஒருவர் மிச்சமில்லாமல் சண்டை பிடித்தவர். அவருடைய மனைவிதான் நம்ப முடியாமல் வானத்தைப் பார்த்தபடி நின்றாள். மறுநாள் ஊர்வலத்தில் போன அத்தனை பேரும் உடம்பைச் சொறிந்துகொண்டு திரிந்தார்கள்.

அடுத்து, உழைக்கிற சைலன்சர் என்றால் லொறிச் சைலன்சர்தான் என்று முடிவு செய்து ஒன்றை வெட்டி ஒட்டிப் பூட்டினார். அதன் பாரம் தாங்காமல் கொளுக்கி அறுந்தது. சைலன்சர் தேயிலைச் சரிவில் உருண்டு, தோட்டத்துத் துரையின் பங்களா முற்றத்தில் பூச்செடிகளுக்கு நடுவே புகைந்துகொண்டு கிடந்தது. சமையல்காரர் அதைக் குண்டு என்று நினைத்துப் பொலிசுக்குப் பேசிவிட்டார்.

வந்த பொலிஸ்காரர், "மேக்க மொகத?" என்று, இது என்ன என்பதைச் சிங்களத்தில் கேட்டார்.

"சைலன்சர், சேர்" என்றார் நானா. பொலிஸ்காரருக்குக் கேட்கவில்லை. காரை ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். பின்னால் ஒரு முழ நெருப்பு வந்தது. பொலிஸ்காரர் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டார். பேச்சு வந்ததும், சத்தம் அடங்காமல் இந்தக் காரை இனி ரோட்டில் கண்டால் தூக்கிக்கொண்டு போய்விடுவேன் என்று மட்டும் சொன்னார்.

அதன் பிறகு நானா சைலன்சர் பார்த்த விதத்தில் யாரும் பெண் பார்த்திருக்க மாட்டார்கள். சட்டைப்பையில் காந்தம் கொண்டுபோவார். காந்தம் ஒட்டினால் அந்தத் தகரம் வேண்டாம். கறை பிடிக்காத நல்ல எஃகில் ஒட்டாது என்பது அவர் கணக்கு. குழாயைக் கண்ணில் வைத்து மறுபக்கம் வானம் தெரிகிறதா என்று பார்ப்பார். வளைந்து நெளிந்து போனால் சூடு உள்ளேயே தங்கிவிடுமாம். ஓரம் மடித்து அடித்ததா, சுற்றிவர வெல்டிங் பிடித்ததா என்று நகத்தால் தடவுவார். கண்ணாடிப் பஞ்சுக்கும் குழாய்க்கும் நடுவே எஃகு நார் சுற்றியிருக்கிறதா என்று கேட்பார். எல்லாம் சரியாக இருந்தால் கடைசியாக விற்கிறவரிடம், "இதுக்கு மேல ஒருக்கா ஏறி நில்லுங்க மகன்" என்பார். பண்டாரவளையில் ஒருவர் ஏறி நின்றார். மற்றக் கடைகளில் எங்களைக் கண்டதும் கதவைச் சாத்தத் தொடங்கினார்கள்.

ஏறி நின்றவர் விற்றதையே வாங்கிப் பூட்டினோம். கார் என் பக்கத்தில் வந்து நிற்கும்வரை எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

"எப்பிடி தம்பி?"

"பூனை மாதிரி இருக்குங்க நானா."

அவர் கண் கலங்கிவிட்டது.

பிறகு அந்த மழை வந்தது. தொடர்ந்து ஊற்றியது. மலை சரிந்து இறங்கலாம், மேல் லயத்து வரிசை வீட்டு ஆட்கள் எல்லோரும் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட வேண்டும் என்று அறிவித்தார்கள். மண்சரிவில் லயங்கள் புதைந்துபோன மீரியபெத்தையை மறந்தவர்கள் எங்களில் யாரும் இல்லை. இருந்தும் மேல் லயத்தாருக்குக் கால் நகரவில்லை. ஒவ்வொரு மழைக்கும் சொல்கிறார்கள், போய்ப் படுத்துவிட்டு வந்தால் கோழியைக் காணோம் என்பார்கள். மத்தியானம் நான் வீடு வீடாகப் போய்க் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

கடைசி வீட்டு மாரியாயி அக்கா, "அடுப்புல சோறு வேகுது சேர். எறக்கிட்டு வர்றேன், நீங்க போங்க" என்றாள். கேட்டுக்கொண்டிருந்த மற்றவர்களும் அதையே பிடித்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள்.

அப்போதுதான் அந்தச் சத்தம் வந்தது. இரண்டு மலைக்கும் நடுவே பூமி வாய் திறந்து உறுமுவது போல. கூரைத் தகரம் அதிர்ந்தது. "மலை எறங்குது" என்று யாரோ சொன்னார்கள். பிறகு யாரையும் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு லயமே ஓடியது. மாரியாயி அக்கா சோற்றுப் பானையோடு என்னை முந்திக்கொண்டு போனாள். அந்தச் சத்தத்தை எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை காதில் வாங்கிய நானும் உயிர் போகிற பயத்தில்தான் ஓடினேன்.

கீழே வளைவில் சிவப்புக் கார் சேற்றில் நின்றது. நானா மழையில் மண்டியிட்டு, கல்லில் அடிபட்டுக் கழன்ற சைலன்சரைத் தடவிக்கொண்டிருந்தார்.

"குழாய் உட்டுட்டு தம்பி. சைலன்சருக்கு ஒண்டும் ஆகல்ல. பாருங்க, வெல்டிங் அப்பிடியே ஈக்கி."

"நீங்க எதுக்குங்க நானா இந்த மழையில வந்தீங்க?"

"காலம இருந்து போன் எடுக்கல்ல நீங்க. அதான் வந்த."

எல்லோரும் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கிய பிறகு, இருட்டுமுன்னே, மலை உண்மையிலேயே இறங்கியது. இந்தத் தடவை பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. மேல் லயத்தின் கடைசி வீடுகள் இருந்த இடத்தில் சிவப்பு மண் மட்டும் இருந்தது. மாரியாயி அக்கா பானையைத் திறந்து, பாதி வெந்த சோற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நானா கரும்பலகைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

வெகுநேரம் கழித்து என்னைக் கிட்டக் கூப்பிட்டார். குனிந்தேன்.

"ஆக்கள் நான்தான் காப்பாத்தினேன்னு செல்றாங்க. நான் ஒங்களத் தேடித்தான் வந்த. அதச் செல்லிருங்க."

சொன்னேன். யாரும் கேட்கவில்லை.

இப்போதெல்லாம் மழை பிடித்தால் நானே முந்திக்கொண்டு அவருக்குப் போன் எடுக்கிறேன். "நான் நல்லா இருக்கேங்க நானா, நீங்க வராதீங்க" என்கிறேன். போனை வைத்ததும், இரண்டு பேருக்குத் தேத்தண்ணிக்கு அடுப்பில் தண்ணீர் வைத்துவிட்டு வாசலில் போய் நிற்கிறேன்.